கால்கள் நிற்கும் இடம்: சுற்றுப் பலகை வரைதலின் ஒரு சிறு வரலாறு

ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று கையில் இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கோ. செருகு துளைகள் எல்லாம் 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒரே சீராகப் போகும். 7ஆம் துளைக்கும் 8ஆம் துளைக்கும் இடையில் மட்டும் அந்தச் சீர் குலையும். அங்கே இடைவெளி ஏறக்குறைய 4.06 மில்லிமீற்றர். கடையில் வாங்கும் சாதாரணத் துளைப் பலகையை அதன்மேல் வைத்தால் ஒரு வரிசை பொருந்தும், மற்ற வரிசை பொருந்தாது.

இதற்குப் பின்னால் ஏதோ பெரிய நுட்பம் இருக்கு எண்டு நினைக்க வேண்டாம். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தொடங்கிய ஆர்டுயினோவின் ஆரம்பகாலப் பலகையை வரையும்போது நேர்ந்த ஒரு சறுக்கல், அவ்வளவுதான். கவனித்த நேரம் பலகைகள் செய்யப்பட்டு வெளியே போய்விட்டன. அவற்றின்மேல் செருகுகிற ‘ஷீல்ட்’ பலகைகளும் அதே இடைவெளிக்கு வரத் தொடங்கிவிட்டன. திருத்தினால் அவை எல்லாம் பொருந்தாமல் போகும். ஆகவே தவறு அப்படியே விடப்பட்டது. இன்றைக்கு உலகின் எந்த மூலையில் ஊனோவுக்கு நகல் செய்தாலும் அந்தத் தவறையும் சேர்த்தே நகல் செய்ய வேண்டும்.

வரைபடத்தில் நடந்த ஒரு சின்னப் பிசகு உலகம் பூராவும் சட்டம் மாதிரி நடக்குது. மென்பொருளில் நாங்கள் இழுக்கும் கோடுகளுக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? அந்தக் கோடுகளின் வழக்கங்களை யார் யார் உண்டாக்கினார்கள்? இந்தக் கட்டுரையில் நாங்கள் தேடிப் போவது அதைத்தான்.

சின்னம் ஒன்று, கால்தடம் இன்னொன்று

பலகை வரையும் எந்த மென்பொருளிலும் ஓர் உதிரிப்பாகத்துக்கு இரண்டு படங்கள் உண்டு. ஒன்று சின்னம். அந்தப் பாகம் சுற்றில் என்ன வேலை செய்கிறது, எதோடு இணைகிறது என்பதை அது சொல்லும். மற்றது ‘ஃபுட்பிரின்ட்’. பாகத்தின் கால்கள் பலகையில் எங்கே நிற்க வேண்டும், துளை எவ்வளவு பெரிது, ஈயம் பிடிக்க எவ்வளவு செப்பு வேண்டும், சுற்றிவர எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை இது சொல்லும். இலத்திரனியல் வேலை செய்கிறவர்கள் ஐசியின் ஊசிகளைக் ‘கால்’ எண்டுதான் சொல்வார்கள். அதனால் ஃபுட்பிரின்டை நாங்கள் இங்கே கால்தடம் என்றே எழுதுகிறோம்.

இந்த இரண்டு படங்களும் ஒன்றையொன்று அறியாதவை. உதாரணத்துக்கு பிசி547, 2என்3904 இரண்டையும் எடுங்கோ. இரண்டும் என்பிஎன் திரான்சிற்றர்கள். சின்னம் ஒன்றே, வெளி உறையும் ஒன்றே. ஆனால் தட்டையான முகத்தை எங்களை நோக்கிப் பிடித்துக் கால்களைக் கீழே விட்டால், பிசி547இல் இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடி, காலி என்று வரும். 2என்3904இல் காலி, அடி, சேகரிப்பான் என்று நேர்மாறாக வரும். மின்னழுத்தச் சீராக்கிகளிலும் இதே கதைதான். 7805இல் உள்வாயில் முதற்கால், நிலம் நடுக்கால். அதன் எதிர் அழுத்தச் சோடியான 7905இல் நிலம் முதற்கால், உள்வாயில் நடுக்கால். உறையைப் பார்த்து ஒன்றுதானே என்று நினைத்தால் புகை வரும்.

சின்னத்தில் பிழை விட்டால் திரையிலேயே கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கு. கால்தடத்தில் விட்ட பிழை பலகை கைக்கு வந்த பிறகுதான் தெரியும். கால்தடம் என்பது முகம் தெரியாத பலருக்கு இடையிலான ஒப்பந்தம். உதிரிப்பாகம் செய்த தொழிற்சாலை, பலகை வரைந்தவர், பலகையை அச்சிட்டவர், ஈயம் வைத்தவர் எல்லோரும் ஒருவரையொருவர் காணாமலே அதை நம்பி வேலை செய்கிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வரவில்லை.

அச்சகத்தில் இருந்து வந்த யோசனை

‘அச்சுச் சுற்றுப் பலகை’ என்ற பேரிலேயே அச்சு இருக்கு. அது உவமை இல்லை, உண்மையான அச்சுத்தொழிலில் இருந்து வந்தது.

1907இல் வியன்னாவில் பிறந்தவர் பவுல் ஐஸ்லர். 1930இல் அங்கேயே பொறியியல் படித்து முடித்தார். யூதர் என்பதால் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. வானொலி பற்றிய ஒரு சஞ்சிகையில் வேலை செய்தபோது அச்சுத்தொழிலை அருகில் இருந்து கற்றார். 1936இல் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தார். லண்டனில் தங்கியிருந்த அறையில், வயர்களைப் பின்னி இணைப்பதற்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் பாதைகளை அச்சடித்து ஒரு வானொலியைச் செய்து பார்த்தார்.

அந்தக் காலத்து வானொலியின் வயிற்றைத் திறந்தால் வயர்க் காடு. ஒவ்வொரு இணைப்பையும் ஒருவர் கையால் வைத்தாக வேண்டும். ஐஸ்லரின் யோசனையைப் பார்த்த ஒரு பெரிய நிறுவனம், இந்த வேலையைப் பெண் தொழிலாளர்கள் இன்னும் மலிவாகச் செய்வார்கள் என்று சொல்லித் தட்டிக் கழித்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். போர் தொடங்கியதும் ‘எதிரி நாட்டவர்’ என்று பிரித்தானிய அரசு அவரைத் தடுத்து வைத்தது. நாசிகளிடம் இருந்து தப்பி வந்தவருக்கு அந்தப் பட்டம். வெளியே வந்த பிறகு அவரை ஏற்றுக்கொண்டது ஹென்டர்சன் அன்ட் ஸ்போல்டிங் என்ற நிறுவனம். அவர்களுடைய தொழில் இசைக் குறிப்புத் தாள்களை அச்சிடுவது. 1943இல் ஐஸ்லர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

இசை அச்சகத்துக்கு இது விளங்கியதில் ஆச்சரியம் இல்லை. ஒரு முறை சரியாக வரைந்தால் ஆயிரம் பிரதி எடுக்கலாம். பிழையாக வரைந்தால் ஆயிரம் பிரதியிலும் அதே பிழை. சுற்றுப் பலகை அச்சுக்குள் வந்த நாளில் இருந்து வரைபவருடைய கை பலமடங்கு கனமாகிவிட்டது. வயர் இணைத்த தொழிலாளி ஒரு வானொலியில் விட்ட தவறு அந்த ஒரு வானொலியோடு போகும். வரைபடத்தில் விட்ட தவறு எல்லாவற்றிலும் வரும்.

நாடா, கத்தி, ஒளிமேசை

அடுத்த முப்பது வருடங்கள் பலகை வரைதல் கைவேலையாகவே இருந்தது. ஒளிமேசையின்மேல் ‘மைலர்’ என்ற ஒளிபுகும் தாளை விரித்து, கறுப்பு நாடாவை ஒட்டி ஒட்டிப் பாதை போடுவார்கள். உண்மை அளவைப்போல இரண்டு மடங்கு அல்லது நான்கு மடங்கு பெரிதாக வைத்து, பிறகு புகைப்படமெடுத்துச் சிறிதாக்குவார்கள். இப்படிச் சிறிதாக்கும்போது கை நடுங்கியதால் வந்த பிசகும் சேர்ந்து சிறிதாகும். இருபக்கப் பலகை என்றால் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு நாடா, மறுபக்கத்துக்கு நீல நாடா. இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, நிற வடிகட்டிகள் ஊடாகப் படமெடுத்துப் பிரித்துவிடலாம். இன்றைக்கும் பல மென்பொருள்களில் மேற்பக்கம் சிவப்பாகவும் கீழ்ப்பக்கம் நீலமாகவும் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள்.

கால்தடமும் அப்போது கையால் தொடக்கூடிய ஒரு பொருள். பிஷப் கிராபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஐசிகளின் கால்தடங்களை ஒட்டுதாளாக விற்றன. தனித்தனி வட்டங்களும் கிடைத்தன. நடுவில் ஓட்டை இருந்ததால் அவற்றின் பேர் ‘டோனட்’. தாளில் இருந்து உரித்து, கத்தி நுனியால் தூக்கி, கட்டக் கோட்டின்மேல் ஒட்டுவார்கள். மென்பொருளில் நாங்கள் இன்று ‘நூலகத்தில்’ இருந்து ஒரு கால்தடத்தை இழுத்து வைப்பது அந்த ஒட்டுதாளின் வேலைதான்.

பழைய பலகை ஒன்று கிடைத்தால் பாதைகளைப் பாருங்கோ. பலதில் ஆறு மாதிரி வளைந்து வளைந்து போகும். ஒட்டிய நாடாவைக் கையால் வளைக்கலாம் என்பதால் அப்படி. பிறகு வந்த கணினிப் பலகைகளில் பாதைகள் 45 பாகையில் வெட்டி வெட்டித் திரும்பும். கையில் எந்தக் கருவி இருந்ததோ அதன் சாயல் கோட்டில் தங்கிவிடும்.

ஓர் அங்குலத்தில் பத்தில் ஒன்று

இந்தக் கட்டங்களுக்கு ஏன் 2.54 மில்லிமீற்றர்? அது 0.1 அங்குலம். 1964இல் ஃபெயார்சைல்ட் நிறுவனத்தில் டொன் ஃபோர்ப்ஸ், ரெக்ஸ் ரைஸ், பிரையன்ட் ரொஜர்ஸ் மூவரும் இரட்டை வரிசைக் கால்களைக் கொண்ட உறையை உருவாக்கினார்கள். நாங்கள் ‘டிப்’ என்று சொல்லும் அந்தப் பூரான் வடிவம். அதில் காலுக்குக் கால் 0.1 அங்குலம், வரிசைக்கு வரிசை 0.3 அங்குலம். துளைப் பலகை, செருகுபலகை, இணைப்பிகள் எல்லாம் அந்த அளவிலேயே நிலைத்தன. மெட்ரிக் முறையில் படித்து வளர்ந்த நாங்களும் பலகை வரையத் தொடங்கினால் ‘மில்’ என்ற அளவில் கதைக்க வேண்டி வருவது இதனால்தான். ஒரு மில் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீற்றர்.

சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் இதே மாதிரி உறைகளைச் செய்தன. ஆனால் அவர்கள் மெட்ரிக் நாடுகள். 2.54ஐ நேர்த்தியாக்கி 2.5 மில்லிமீற்றர் என்று வைத்தார்கள். வித்தியாசம் வெறும் 0.04 மில்லிமீற்றர். 14 கால் ஐசியில் ஒரு பக்கத்தில் ஆறு இடைவெளிதான் இருப்பதால் மொத்தப் பிசகு 0.24 மில்லிமீற்றர். கொஞ்சம் அமத்தினால் உள்ளே போகும். 40 கால் ஐசி என்றால் ஒரு பக்கத்தில் 19 இடைவெளி. பிசகு 0.76 மில்லிமீற்றர் ஆகிவிடும், லேசில் உள்ளே போகாது. இரண்டு உலகங்கள் பிரிந்து நின்ற கதை ஐசிக் கால்களிலும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் ஒவ்வொரு காலாகக் கூடிக் கூடி, கடைசிக் காலில் வந்து வழி மறிக்கும்.

ஒளியால் கீறும் பேனை

நாடா ஒட்டும் கையை இயந்திரமாக மாற்றியவர்களில் முக்கியமானவர் இன்னொரு வியன்னாக்காரர். ஜோசப் கேர்பர், 1924இல் பிறந்தவர், அவரும் யூதர். 1940இல் தாயோடு தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். படிக்கிற காலத்தில், வரைபுகளில் இடைப்பட்ட அளவுகளைக் கணக்கிடும் கரைச்சலில், பைஜாமாவின் இலாஸ்டிக்கை இழுத்து அதில் அளவுகோடு போட்டு நீட்டிச் சுருக்கக்கூடிய அளவுகோல் ஒன்றைச் செய்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. அந்த அளவுகோலில்தான் அவருடைய நிறுவனம் தொடங்கியது.

அந்த நிறுவனம் பிறகு ‘போட்டோபுளொட்டர்’ என்ற இயந்திரத்தைச் செய்தது. இருட்டறையில் புகைப்படப் படலத்தின்மேல் ஒளிக்கற்றை ஒன்று நகரும். ஒளிக்கு முன்னால் ஒரு சக்கரம். அதில் வெவ்வேறு வடிவத்திலும் அளவிலும் வெட்டிய துவாரங்கள், வழக்கமாக 24. எந்தத் துவாரத்தைத் தெரிவு செய்கிறோமோ அந்த வடிவத்தில் ஒளி விழும். ஒளியை எரிய விட்டு நகர்த்தினால் கோடு. நிறுத்தி ஒரு தரம் மின்ன விட்டால் ஒரு பேட்.

இன்று ஒரு பலகையைத் தொழிற்சாலைக்கு அனுப்பும்போது நாங்கள் உருவாக்கும் கேர்பர் கோப்பு அந்த இயந்திரத்துக்குக் கொடுத்த கட்டளைதான். கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கோ. டி01 என்றால் ஒளியோடு நகர். டி02 என்றால் ஒளியை மறைத்துக்கொண்டு நகர். டி03 என்றால் மின்னு. டி10இல் இருந்து வருவதெல்லாம் துவாரங்களின் இலக்கங்கள். சக்கரம் போய், அதைச் சுழற்றிய இயந்திரமும் போய்விட்டது. கட்டளை மட்டும் அப்படியே இருக்கு.

1980இல் இந்த வடிவம் தரமாக வெளியிடப்பட்டது. அதில் ஒரு பெரிய குறை இருந்தது. எந்த இலக்கத்துக்கு எந்த அளவுத் துவாரம் என்ற பட்டியல் கோப்புக்குள் இல்லை, தனியாக அனுப்ப வேண்டும். பட்டியல் தொலைந்தால் தொழிற்சாலைக்காரர் ஊகித்தாக வேண்டும். 1998இல் வெளியான விரிவுபடுத்திய வடிவத்தில் பட்டியல் கோப்புக்குள்ளேயே வந்தது. 2014இல் வந்த எக்ஸ்2 வடிவத்தில்தான், ‘இது மேற்செப்பு, இது ஈயத்தடுப்பு, இது துளைக்கான பேட்’ என்று கோப்பு தன்னைத்தானே விளக்கத் தொடங்கியது. ஒரு வரைபடம் தன்னை யார் எப்படி வாசிக்க வேண்டும் என்று தானே சொல்ல முப்பத்து நான்கு வருடம் எடுத்திருக்கு.

அழிந்த புள்ளிக்குப் பயந்தவர்கள்

சுற்று வரைபடத்தின் வழக்கங்களுக்கும் இப்படி வேர்கள் உண்டு. அமெரிக்க வரைபடங்களில் தடையி நெளிகோடாக வரும். ஐரோப்பியத் தரத்தில் செவ்வகமாக வரும். மென்பொருளை நிறுவும்போது எந்தச் சின்னத் தொகுதி முன்னால் வருகிறதோ, அந்த நாட்டுப் பழக்கம் எங்கட கைக்கும் வந்துவிடும்.

4.7 கிலோ ஓமைப் பலர் 4கே7 என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பிரதி எடுக்கும்போது அந்தச் சின்னப் புள்ளி மறைந்தால் 4.7 என்பது 47 ஆகிவிடும். ஆகவே புள்ளி இருந்த இடத்தில் எழுத்தை வைத்தார்கள். இந்த முறை பிரித்தானியாவின் பிஎஸ் 1852 தரநிலையிலும் சர்வதேசத் தரத்திலும் இடம்பிடித்தது.

இணைப்புப் புள்ளிக்கும் அதே பயம்தான். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் புள்ளி இருந்தால் இணைப்பு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் மை சிந்தினால் இல்லாத புள்ளி முளைக்கும், மங்கிய பிரதியில் இருந்த புள்ளி காணாமல் போகும். அதனால்தான் நான்கு வழிச் சந்தியை வரையாமல், சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு முச்சந்திகளாகப் பிரித்து வரையச் சொல்வார்கள். திரையில் மை சிந்தாது. இருந்தாலும் வழக்கம் நிற்கிறது, ஏனெண்டால் கண்ணுக்கு அது இன்றும் உதவுது.

கால்களை எண்ணும் முறையையும் பாருங்கோ. ஐசியை மேலிருந்து பார்த்தால் முதற்காலில் தொடங்கி இடஞ்சுழியாக எண்ண வேண்டும். வெற்றிடக் குழாய்க் காலத்தில் வலஞ்சுழியாக எண்ணினார்கள். முரண் மாதிரித் தெரியும், ஆனால் முரண் இல்லை. குழாய்கள் தகட்டுக்கு மேலே நிற்கும், ஈயம் வைப்பவர் பெட்டியைக் கவிழ்த்துக் கீழிருந்து பார்ப்பார். கீழிருந்து வலஞ்சுழியாகப் போவது மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழிதானே. ஒரு படத்தைக் கண்டால் எந்தப் பக்கம் நின்று வரைந்தது என்று முதலில் கேட்பது அந்தக் காலத்தில் இருந்தே அவசியமான பழக்கம்.

ஐசிகளுக்கு ‘யூ’ என்ற எழுத்தைப் போடுவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்கத் தரநிலையில் ‘ஏ’ என்பது பிரிக்கக்கூடிய தொகுதி, ‘யூ’ என்பது பிரிக்க முடியாத தொகுதி. பழுதானால் உள்ளே கை வைக்க ஏலாது, முழுதாக மாற்ற வேண்டும் என்ற தகவல் அந்த ஓர் எழுத்துக்குள் இருக்கிறது.

0603 என்றால் எது?

கால்கள் துளைக்குள் போன காலம் மாறி, பாகங்கள் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டத் தொடங்கியதும் கால்தடத்தின் பொறுப்பு இன்னும் கூடியது. துளை இருந்தால் காலை அது பிடித்துக்கொள்ளும். மேற்பரப்பு ஒட்டில் பாகத்தை இடத்தில் வைத்திருப்பது உருகிய ஈயத்தின் பரப்பிழுவிசை. ஒரு சின்னத் தடையியின் இரண்டு பேட்களும் அளவில் வேறுபட்டால், அல்லது ஒன்று வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும் பெரிய செப்புப் பரப்போடு ஒட்டியிருந்தால், ஒரு பக்க ஈயம் முதலில் உருகும். அது இழுக்க, தடையி மறுமுனையில் எழும்பி நட்டுக்குத்தாக நிற்கும். பார்க்கக் கல்லறைக் கல் மாதிரி இருப்பதால் அந்தப் பேரையே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள்.

1957இல் அமெரிக்காவில் அச்சுச் சுற்றுகளுக்கான நிறுவகமாகத் தொடங்கிய ஐபிசி, 1987இல் மேற்பரப்புப் பாகங்களின் கால்தடங்களுக்கான தரநிலையை வெளியிட்டது. 2005இல் அதன் இடத்துக்கு ஐபிசி-7351 வந்தது. இதில் ஒரு பாகத்துக்கு ஒரே கால்தடம் என்று இல்லாமல் மூன்று நிலைகள் இருந்தன. தாராளமான செப்பு, நடுத்தரம், மிகக் குறைந்த செப்பு. கால் விரலுக்கு முன்னால் எவ்வளவு ஈயம், குதிக்குப் பின்னால் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்று கணக்கிடும் முறையையும் அது தந்தது. ஆங்கிலத்திலும் விரல், குதி என்றுதான் சொல்கிறார்கள். பாகத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்துக்கு ‘கோர்ட்யார்ட்’ என்று பேர், முற்றம். அடுத்த வீட்டு முற்றத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

இவ்வளவு ஒழுங்கு வந்தும் ஒரு குழப்பம் தீரவில்லை. 0603 என்று சொன்னால் எந்த அளவு? அங்குலக் கணக்கில் 0.06க்கு 0.03 அங்குலம், அதாவது 1.6க்கு 0.8 மில்லிமீற்றர். மெட்ரிக் கணக்கிலும் 0603 என்று ஒன்று உண்டு, அது 0.6க்கு 0.3 மில்லிமீற்றர். பரப்பில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். முதலாவதைக் கையால் ஈயம் வைக்கலாம். இரண்டாவது மூச்சு விட்டால் பறந்துவிடும். ஒரே நான்கு இலக்கங்கள், எந்த முறை என்று சொல்லாமல் எழுதினால் இரண்டு பொருள்.

நூலகம் யாருடையது?

1980களில் மேசைக் கணினி பரவியதும் பலகை வரைதல் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்து வெளியே வந்தது. 1985இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மானியாவில் நிக் மார்ட்டின் தொடங்கிய புரொட்டெல், பிறகு அல்டியம் என்று பேர் மாறியது. 1988இல் ஜேர்மனியில் கட்சொஃப்ட் நிறுவனம் ஈகிள் மென்பொருளை வெளியிட்டது. ஈகிளின் இலவசப் பதிப்பில் பலகை 100க்கு 80 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. ஆர்டுயினோ பலகைகளின் மூல வரைபடங்களும் ஈகிள் கோப்புகளாகவே பகிரப்பட்டன. ஒரு தலைமுறை மாணவர்களும் பொழுதுபோக்காக வரைகிறவர்களும் அந்த எல்லைக்குள்தான் பலகை வரையக் கற்றுக்கொண்டார்கள்.

2016இல் ஈகிளை ஓட்டோடெஸ்க் வாங்கியது. அடுத்த வருடமே சந்தா முறை வந்தது. 2023இல், 2026 ஜூன் 7உடன் ஈகிளை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு நிறுவனம் தன் பொருளை நிறுத்துவது வழமைதான். ஆனால் இங்கே நிற்பது ஒரு மென்பொருள் மட்டும் இல்லை. அதில் வருடக்கணக்காக மனிசர் அளந்து அளந்து வரைந்து சேர்த்த கால்தட நூலகங்களும் அதோடு தொங்குது. அதிர்ஷ்டவசமாக, ஈகிளின் கோப்பு 6ஆம் பதிப்பில் இருந்து வாசிக்கக்கூடிய எழுத்து வடிவத்துக்கு மாறியிருந்தது. அதனால் மற்ற மென்பொருள்களால் அவற்றைத் திறந்து மீட்க முடியும். அந்த மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால், தன் கையால் வரைந்த படத்தையே திறக்க முடியாத நிலை பலருக்கு வந்திருக்கும்.

இன்னொரு வழி 1992இல் பிரான்சில் தொடங்கியது. கிரெனோபிளில் கற்பித்துக்கொண்டிருந்த ஜோன்-பியேர் ஷராஸ், கிகாட் என்ற திறந்தமூல மென்பொருளை எழுதினார். 2013இல் இருந்து, துகள் இயற்பியல் ஆய்வு மையமான சேர்ன் அதற்குப் பங்களிக்கத் தொடங்கியது. கிகாட்டின் நூலகத்தில் யாரும் ஒரு கால்தடத்தைச் சேர்க்கலாம். ஆனால் சும்மா சேர்க்க ஏலாது, வழக்கங்களுக்கு ஒரு பொது ஆவணம் உண்டு. முற்றக் கோட்டின் தடிப்பு 0.05 மில்லிமீற்றர். வெள்ளை எழுத்துப் படையின் கோடு 0.12 மில்லிமீற்றர். அந்தக் கோடு பேட்டின்மேல் ஏறக் கூடாது. முதற்காலின் அடையாளம், பாகத்தைப் பொருத்திய பிறகும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இப்படி ஒவ்வொன்றும் எழுதி வைக்கப்பட்டிருக்கு. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம்.

0603 குழப்பத்துக்கு அவர்கள் கண்ட தீர்வு எங்களுக்குப் பிடித்த ஒன்று. கிகாட்டில் அந்தத் தடையியின் கால்தடப் பேர் ‘ஆர்_0603_1608மெட்ரிக்’. ஒரு முறையை ஒழித்து மற்றதைத் திணிக்கவில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். எந்தப் பழக்கத்தில் வந்தவரும் தன் எண்ணைக் கண்டுபிடிப்பார், மற்றவருடைய எண்ணையும் தெரிந்துகொள்வார். அதே பாகத்துக்கு ‘ஹான்ட்சோல்டர்’ என்ற வாலோடு இன்னொரு கால்தடமும் உண்டு. அதில் பேட் சற்று நீளம், ஈயக்கோலின் நுனி வைக்க இடம் வேண்டும் என்பதற்காக. தொழிற்சாலை இயந்திரத்துக்கு மட்டுமன்றி வீட்டு மேசையில் ஈயம் வைக்கிறவருக்கும் யாரோ ஒருவர் இடம் ஒதுக்கி வரைந்திருக்கிறார்.

இன்றைக்கு யாழ்ப்பாணத்திலோ மொறட்டுவையிலோ இருந்து ஒரு மாணவி இலவச மென்பொருளில் பலகை வரைந்து, கேர்பர் கோப்புகளைச் சீனாவில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பிச் செய்வித்து எடுக்கலாம். அவர் இழுத்து வைக்கிற ஒவ்வொரு கால்தடத்துக்குள்ளும் ஓர் அச்சகம், ஓர் ஒட்டுதாள், ஓர் அங்குலக் கோல், சுழல்கிற ஒரு சக்கரம், தப்பி வந்த இரண்டு வியன்னாக்காரர் எல்லாம் இருக்கினம். இது தெரியாமலும் பலகை வரையலாம்தான். ஆனால் தெரிந்தால் ஒரு விசயம் மாறும். மென்பொருள் காட்டும் கோடு இயற்கையின் விதி மாதிரித் தெரியாது. யாரோ ஒரு மனிசர், ஏதோ ஒரு காரணத்துக்காக, சில நேரம் பிழையாகவும் எடுத்த முடிவு என்று தெரியும். அப்படியென்றால் அதைச் சரிபார்க்கவும், திருத்தவும், எங்கட பங்குக்கு ஒன்றைச் சேர்க்கவும் எங்களுக்கும் உரிமை இருக்கு.

அடுத்த பலகையை அனுப்ப முதல் இரண்டு வேலை செய்யுங்கோ. உதிரிப்பாகத்தின் தரவுத்தாளை எடுத்து, அதில் உள்ள படம் மேலிருந்து பார்த்ததா கீழிருந்து பார்த்ததா என்று வாசித்து, கால் கால் ஆக ஒப்பிடுங்கோ. பிறகு பலகையை உண்மை அளவில் ஒரு தாளில் அச்சடித்து, கையில் உள்ள பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கோ. தாளுக்குப் பத்து ரூபாய் போகாது. நூலகத்தில் இல்லாத கால்தடம் ஒன்றை வரைந்து முடித்தால் அதை உங்கட கணினிக்குள்ளேயே வைத்திருக்காமல் வெளியே விடுங்கோ. அளவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதியும் விடுங்கோ. உங்களை ஒருபோதும் காணாத ஒருவர் அந்த வரியை நம்பித்தான் செப்பை வெட்டப்போகிறார்.